பினாங்குச் சுவர்கள்: தனியாகச் சுற்றுவதா, வழிகாட்டியோடு நடப்பதா?

பினாங்குக்குப் போய்வந்தேன் என்றால் நம் ஊரில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அந்தச் சைக்கிள் படத்துக்கிட்ட நின்னு போட்டோ எடுத்தீங்களா?" மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரின் ஆர்மேனியன் தெருவில் இருக்கிறது அது. சுவரில் ஒரு அக்காவையும் தம்பியையும் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் மட்டும் நிஜம், துருப்பிடித்துச் சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். லிதுவேனியாவிலிருந்து வந்த ஓவியர் எர்னெஸ்ட் சகரேவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அதற்குப் பிறகு ஊரே சுவர் பார்க்கும் ஊராகிவிட்டது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கல்லூரி நண்பனோடு, கையில் வரைபடம் மட்டும். இரண்டாவது முறை அப்பா அம்மாவோடு. அந்த முறை திரிஷா (மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா), குழு நடை, தனி வழிகாட்டி என்று மூன்றையும் பார்த்துவிட்டோம். அதனால் "எப்படிச் சுற்றலாம், காசு கொடுத்து வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல முடியும்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர்தான். பெயர் பெற்ற ஓவியங்களில் பெரும்பாலானவை ஆர்மேனியன் தெரு, ஆ குவீ தெரு, கேனன் தெரு, சூலியா தெரு, முந்திரி தெரு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. (முந்திரிப் பருப்புக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை. லாருட் பகுதியின் மந்திரியாக இருந்தவரின் பட்டம்தான் தெருவின் பெயரானது. நம் மந்திரியேதான், மலாய் வழியாகப் போய் முந்திரியாகிவிட்டார்.) தூரத்துக்காக யாருடைய உதவியும் வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வழிகாட்டி வேண்டுமா என்பது வேறு காரணங்களை வைத்து முடிவு செய்ய வேண்டியது.

தனியாகச் சுற்றுவதில் இருக்கும் பெரிய லாபம் நேரம். காலை ஏழு மணிக்கு ஆர்மேனியன் தெருவில் நீங்களும் இரண்டு பூனைகளும்தான். கடைகள் திறந்திருக்காது, வெயில் ஏறியிருக்காது, சைக்கிளுக்கு முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பத்து மணிக்கு அதே இடத்துக்குப் போனால் ரேஷன் கடை வரிசை. ஒவ்வொரு குடும்பமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒன்று, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஒன்று, குதித்துக்கொண்டு ஒன்று என எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எந்தக் குழு நடையும் ஏழு மணிக்குத் தொடங்கிப் பார்த்ததில்லை. ஆகவே படம் எடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் விஷயம் இங்கேயே முடிந்தது: அலாரம் வையுங்கள், தனியாகப் போங்கள்.

ஓவியங்களுக்கு விளக்கமும் தேவைப்படாது. ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் பையன், கேனன் தெருவில் நாற்காலி மேல் ஏறிச் சுவரிலுள்ள ஓட்டைக்குக் கை நீட்டும் பையன், முந்திரி தெருவில் இரண்டு ஜன்னல் விளிம்புகளைப் பிடித்துத் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமி. இதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் விளக்கினால் நகைச்சுவைத் துணுக்குக்குப் பொழிப்புரை சொன்னதுபோல் ஆகிவிடும். பார்த்தாலே சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

தனியாகப் போவதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஓவியங்கள் நிரந்தரமானவை அல்ல. சுண்ணாம்புச் சுவர், கடலோர ஈரம், வருடம் முழுக்க மழை. சியூ படகுத்துறையில் சகரேவிச் வரைந்த படகுச் சிறுவர்கள் அழிந்தேபோகும் அளவுக்கு மங்கிவிட்டார்கள். கைபேசி வரைபடத்தில் அதே படம் பளபளவென்று இருக்கும். முதல் பயணத்தில் நானும் நண்பனும் ஒரு சந்தில் அரை மணி நேரம் மேலும் கீழும் நடந்தோம். அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சீனத் தாத்தா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கடந்தபோது எங்களைக் கைகாட்டி நிறுத்தி, புதிதாக வெள்ளையடித்த ஒரு சுவரைக் காட்டி, உள்ளங்கையால் காற்றைத் துடைத்தார். படம் போய்விட்டது என்று அர்த்தம். தினமும் எத்தனை பேருக்கு அந்தச் சைகையைச் செய்கிறாரோ!

(அஞ்சடி என்பது கடைவீடுகளின் முன்பக்கம், மாடிக்குக் கீழே, ஐந்தடி அகலத்துக்கு விட்ட நடைவழி. மலேசியத் தமிழர்கள் வாயில் அது அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் குடை; இந்த ஊரில் பகலில் நடக்க முடிவதே அதன் புண்ணியத்தால்தான்.)

வாடகைச் சைக்கிளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒருவழித் தெருக்கள், ஓரமெல்லாம் நிறுத்திய கார்கள், பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில். ஐம்பதடிக்கு ஒருமுறை இறங்கி ஸ்டாண்ட் போடுவதற்கு நடந்தே போய்விடலாம். குர்த்வாரா சாலையிலுள்ள ஹின் பஸ் டிப்போவுக்குப் போக மட்டும் சைக்கிள் உதவும். பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக்கியிருக்கிறார்கள். 2014இல் சகரேவிச்சின் தனிக் கண்காட்சியோடு தொடங்கிய இடம் அது. அதற்கும்கூட நடக்கலாம், அல்லது நகர மையத்தைச் சுற்றிவரும் இலவச கேட் பேருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கலாம்.

திரிஷாவைப் பற்றி எனக்கு இரண்டு மனது. பினாங்குத் திரிஷாவில் ஓட்டுபவர் பின்னால், நாம் முன்னால். எதிரே முதுகு கிடையாது, தெரு முழுக்க நமக்கே. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. அம்மா இரண்டாவது தெருவிலேயே நடக்க மறுத்துவிட்டதால் ஏறினோம். பிளாஸ்டிக் பூவும் குடையும் வைத்து ஜோடித்த வண்டி. அம்மாவுக்குத் தேரில் போன சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் சுவர் பார்க்க அது சரிப்படாது. ஓட்டுபவர் அவர் வழக்கமாக நிறுத்தும் நாலைந்து இடங்களில் நிறுத்துவார். நடுவிலுள்ள சந்துகளுக்குள் வண்டி நுழையாது. எங்களோடு ஒரு மணி நேரம் என்று பேசிய ஓட்டுநர் முக்கால் மணி நேரத்தில் ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். கேட்டதற்கு வானத்தைக் காட்டினார். மழை வருமாம். வரவில்லை. மொத்தம் எவ்வளவு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எங்கெங்கே நிறுத்துவார் என்ற நாலையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சரி, வழிகாட்டிக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. தப்பான நடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "வழிகாட்டியே வேஸ்ட்" என்று திரும்புகிறார்கள்.

விற்பனைக்கு இரண்டு விதமான நடைகள் உண்டு. ஒன்று "தெரு ஓவிய நடை" என்ற பெயரிலேயே வருவது. இன்னொன்று பாரம்பரிய நடை, அதாவது கோயில், மசூதி, சீனர்களின் குலச்சங்க மண்டபம், கடைவீடு என்று ஊர்க்கதை சொல்லிப்போவது. ஓவியம் பார்க்க வந்தவர்கள் இயல்பாகவே முதலாவதை எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். பதினைந்து பேர் கொண்ட குழு. சைக்கிளிடம் இருபது நிமிடம், மோட்டார் சைக்கிளிடம் கால் மணி நேரம். பதினைந்து பேரும் தனித்தனியாகப் படம் எடுத்தாக வேண்டுமே! வழிகாட்டிப் பெண்ணும் பாவம், எல்லோருடைய கைபேசியையும் வாங்கி வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்ததுதான் அன்று அவருடைய முக்கிய வேலை. இரண்டரை மணி நேரத்தில் எங்களிடம் மொத்தமாகப் பேசியது அரை மணி நேரம் இருக்கும். காலை ஏழு மணிக்கு இலவசமாகப் பார்த்திருக்கக்கூடிய படங்களைப் பத்து மணிக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று பார்த்தோம்.

அந்த நடையில் உருப்படியான விஷயம் ஒன்று உண்டென்றால் இரும்புக் கேலிச்சித்திரங்கள். முதல் பயணத்தில் இவற்றை ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன். கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கார்ட்டூன்கள், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், கூடவே சின்னதாகக் குறிப்பு இருக்கும். யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு மாநில அரசு நடத்திய போட்டி ஒன்றின் வழியாக வந்தவை. உள்ளூர்க் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்ததைக் கம்பியில் செய்தார்கள். மொத்தம் 52. சுற்றுலா அலுவலகத்தில் இவற்றுக்கும் ஓவியங்களுக்கும் வரைபடம் கிடைக்கும்.

ஓவியங்களைவிட இவை எனக்கு அதிகம் பிடிக்கும். ஒவ்வொன்றும் அந்தத் தெருவைப் பற்றிய வம்பு. லவ் லேனில் ஒரு ஆள் மாடி ஜன்னல் வழியாகத் தப்பி இறங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தெருக்களின் பணக்காரர்கள் சின்னவீடு வைத்திருந்த சந்து, அதனால்தான் லவ் லேன் என்று ஒரு கதை. முந்திரி தெருப் பக்கம் ஒன்று, செருப்பு வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகியது இங்கேதான் என்கிறது. கேனன் தெருவில் ஒன்று 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டையைச் சொல்கிறது. அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தானாம்.

அந்த இடத்தில் அப்பா கேட்டார்: "யாருக்கும் யாருக்கும் சண்டை?" குழு ஏற்கெனவே நகர்ந்திருந்தது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "சீனர்களுக்குள்ளே, அங்கிள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.

பாதிதான் சரி. மறுநாள் தனி வழிகாட்டியோடு போன பாரம்பரிய நடையில் மீதி கிடைத்தது. எங்களுக்கு வந்தவர் மலேசியத் தமிழர், ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அரசு உரிம அட்டை. அப்பா அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அவர் அஞ்சடியில் நிழலாகப் பார்த்து எங்களை நிறுத்தி, கால் மணி நேரம் அதையே சொன்னார். இரண்டு சீன ரகசியச் சங்கங்கள். ஒன்றோடு வெள்ளைக் கொடிக்காரர்கள், இன்னொன்றோடு சிவப்புக் கொடிக்காரர்கள். அந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். "நம்ம ஆளுங்களும் ரெண்டு பக்கமும் இருந்தாங்கங்கய்யா" என்றார். 1867 ஆகஸ்டில் தெருத்தெருவாகச் சண்டை. முதல் நாள் ஒரு ஓட்டையாக மட்டும் பார்த்த சுவர், அப்புறம் எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் புரிந்தது. இவ்வளவு பழைய சுவர்கள், காரை பெயர்ந்து, வண்ணம் உரிந்து, ஓவியன் வந்து வரைவதற்கென்றே காத்திருந்ததுபோல் எப்படி மிஞ்சின? வாடகைக் கட்டுப்பாடுதான் காரணம். போருக்கு முந்தைய வீடுகளுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொற்ப வாடகைதான். அதனால் உரிமையாளர்கள் இடிக்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. அந்தச் சட்டத்தை 1997இல் நீக்கி, 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுவதுமாகப் போனது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்கள் காலி செய்தார்கள். சில வீடுகளில் மனிதர்களுக்குப் பதில், சாப்பிடக்கூடிய கூடுகளுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்தது யுனெஸ்கோ, அதற்குப் பிறகு ஓவியம், அதற்குப் பிறகு காபிக் கடை. ஆர்மேனியன் தெருவில் நின்று இதைக் கேட்டுவிட்டு அந்தச் சைக்கிள் பிள்ளைகளைப் பார்த்தால், இந்தத் தெருவில் இப்போது சைக்கிள் ஓட்டி விளையாட எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். நான் பார்த்தவரை பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

அதே தெருவில் 120ஆம் எண் வீடு சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் பினாங்குத் தளம். சீனப் புரட்சிக்கு முந்தைய வருடம், 1910இல், அவருடைய ஆட்கள் இங்கிருந்து திட்டமிட்டார்கள். ஓவிய நடையில் அதன் வாசலைக் கடந்தோம், நிற்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நான் பாரம்பரிய நடையைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் இது இரண்டு பக்கமும் வெட்டும். சூலியா தெரு என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பது. கப்பித்தான் கெலிங் மசூதியை 1801இல் தொடங்கியவர் அந்தச் சமூகத்தின் தலைவர் காதர் மொய்தீன். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833ஐச் சேர்ந்தது. தைப்பூச வெள்ளித்தேர் கிளம்புவது பினாங்குத் தெருவிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து. நாசி கண்டார் என்ற சோற்றுக்குப் பெயர் வந்தது, தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் தூக்கி விற்ற கம்பிலிருந்து. இதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் லிட்டில் இந்தியாவில் எந்தக் கடையில் டீ குடித்தாலும் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பகுதிக்கு மட்டும் வழிகாட்டி வைப்பது வீண். சீனர் தெருக்களுக்கும் குலச்சங்கங்களுக்கும்தான் வேண்டும். தனி வழிகாட்டி பேசும்போதே, "லிட்டில் இந்தியாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கூ கொங்சி குலச்சங்க மண்டபத்திலும் படகுத்துறைகளிலும் அதிக நேரம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். குழு நடையில் அப்படிக் கேட்க முடியாது.

நம் பகுதிக்கு வழிகாட்டி ஏன் வீண் என்பது எங்கள் குழு நடையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். இரும்புக் கேலிச்சித்திரங்களில் ஒன்று கிளி ஜோசியம். அதன் முன்னால் வழிகாட்டிப் பெண் நின்று, இந்தியர்கள் பச்சைக்கிளியை வைத்துச் சீட்டு எடுக்கச் சொல்லி எதிர்காலம் பார்ப்பார்கள் என்று ஒரு வரியில் முடித்தார். குழுவிலிருந்த ஆஸ்திரேலியத் தம்பதிக்கு நம்பிக்கை வரவில்லை. கிளி எப்படிப் படிக்கும் என்று கேட்டார்கள். வழிகாட்டி எங்களைப் பார்த்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்த அப்பா முன்னால் போய், கூண்டுக் கதவைத் திறப்பது, கிளி தத்தித் தத்தி வருவது, ஒவ்வொரு சீட்டாக இழுத்துப் போடுவது, ஒன்றில் நிற்பது, ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் திரும்புவது என்று முழுக்க நடித்துக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைய நடையில் எல்லோரும் கைதட்டியது அதற்கு மட்டும்தான்.

ஆக, என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். முதல் நாள் விடிகாலையில் வரைபடத்தோடு தனியாக ஓவியங்கள், ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுச் சாப்பாடு. மறுநாள் காலை உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மூன்று மணி நேரப் பாரம்பரிய நடை. நாலு பேர் சேர்ந்தால் தனி வழிகாட்டியின் கட்டணம் தலைக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த நடையில் ஓவியங்கள் எப்படியும் வழியில் வரும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பாரம்பரிய நடையை மட்டும் எடுங்கள், ஓவிய நடையை விட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர்கள், செலவைக் குறைக்க நினைப்பவர்கள், குறைந்தபட்சம் அந்த 52 கேலிச்சித்திரங்களின் குறிப்புகளை நின்று படியுங்கள். அவைதான் இலவச வழிகாட்டி. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டுத் திரிஷா ஏறலாம்; பிள்ளைகளுக்குச் சைக்கிள், மோட்டார் சைக்கிள், அப்புறம் ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பு, போதும்.

படகுத்துறைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவை கண்காட்சி அல்ல, மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், ஆட்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கதவு வழியாக ஒருவர் சாப்பிடுவதைப் படம் எடுக்காதீர்கள். எங்கள் வழிகாட்டி அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டார், நாங்களும் தாழ்த்தினோம்.

அவரோடு போன நடை சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவில் முடிந்தது. அப்பா நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது, மலாயாவுக்குப் போகும் ரஜுலா கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்பதையும், ஆட்கள் படகில் போய் ஏறுவதையும் பார்த்திருக்கிறார். தர்காவுக்கு வருவதற்கு முன்பு ஒரு சந்துச் சுவரில் ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியை வழிகாட்டி காட்டியிருந்தார். அப்பா அங்கே படம் எடுத்துக்கொள்ளவில்லை. தர்கா வாசலில்தான் அவர் வழிகாட்டியிடம், "தம்பி, கப்பல்ல வந்தவங்க இங்கதான் முதல்ல வருவாங்களா?" என்று கேட்டார். பேசிவைத்த மூன்று மணி நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "உட்காருங்கய்யா, சொல்றேன்" என்று அஞ்சடிப் படியைக் கையால் தட்டினார்.